எல்லை தாண்டிய கல்யாணமும் உதவி எண்களும்: எது உண்மையில் கைகொடுக்கிறது?

வெளிநாட்டில் நல்ல வேலை, இல்லையென்றால் வெளிநாட்டு மாப்பிள்ளை. இந்த இரண்டில் ஒன்றைச் சொல்லித்தான் பெண்ணை வீட்டிலிருந்து கிளப்புகிறார்கள். எல்லை தாண்டிய பிறகு சொன்ன வேலையும் இருக்காது, போட்டோவில் பார்த்த மாப்பிள்ளையும் இருக்க மாட்டார். பெயர் தெரியாத ஊரில் ஒரு வீடு, மொழி புரியாத ஒரு குடும்பம், "உனக்காக இவ்வளவு பணம் கொடுத்திருக்கிறோம்" என்ற ஒற்றைப் பேச்சு, இவ்வளவுதான் மிச்சம். அந்த வீட்டுக்குள் இருக்கும் பெண்ணின் கையில் எப்படியோ ஒரு போன் கிடைத்து, இரண்டு நிமிடம் தனியாக இருக்க முடிந்தால், அவளுக்கு எந்தச் சேவை உதவும்? அந்த இரண்டு நிமிடத்தை அளவுகோலாக வைத்துத்தான் சில நாடுகள் நடத்தும் உதவி எண்களையும் தடுப்பு ஏற்பாடுகளையும் இங்கே எடை போடுகிறோம். கல்யாணத் தரகு நிறுவனம் எதையும் பரிந்துரைக்கப் போவதில்லை.

நாங்கள் பார்த்தவை நான்கு. அவள் இருக்கும் இடத்திலிருந்து அழைப்பு போய்ச் சேருமா? முதல் நிமிடத்திலேயே அவள் மொழியில் ஒருவர் பேசுவாரா? விசா இருக்கிறதா என்று கேட்பதற்கு முன்னால் அவளைப் பாதிக்கப்பட்டவராக நடத்துவார்களா? பாஸ்போர்ட், பிறந்த குழந்தை, திரும்பிப் போகும் வழி ஆகிய மூன்றுக்கும் அவர்களிடம் பதில் இருக்கிறதா? விளம்பரம் எவ்வளவு, சுவரொட்டி எவ்வளவு, எத்தனை கருத்தரங்கு நடத்தினார்கள் என்பதற்கெல்லாம் மதிப்பெண் கிடையாது.

சேவைகளுக்குள் போகும் முன் இந்த வியாபாரம் எப்படி ஓடுகிறது என்று தெரிய வேண்டும். எங்கே ஓட்டை விழுகிறது என்பது அப்போதுதான் புரியும். ஆள் பிடிப்பவர் பெரும்பாலும் தெரிந்தவர். பக்கத்துத் தெரு அக்கா, தோழி, சில இடங்களில் சொந்த அத்தையோ சித்தியோகூட. மியான்மரின் காச்சின், வடக்கு ஷான் பகுதிகளிலிருந்து சீனாவுக்குக் கொண்டுபோகப்பட்ட பெண்களைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2019 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டது. தப்பி வந்த 37 பெண்களிடம் பேசித் தயாரித்தது. பெரும்பாலோர் வேலை என்று நம்பித்தான் போயிருந்தார்கள். விலை சுமார் 3,000 முதல் 13,000 டாலர் வரை இருந்தது. வாங்கிய குடும்பங்கள் பலவற்றுக்கு வேண்டியிருந்தது ஒரு குழந்தை. குழந்தை பிறக்கும்வரை அறைக்குள் பூட்டி வைப்பது, பிறந்த பிறகு பிடியைக் கொஞ்சம் தளர்த்துவது என்ற ஒழுங்கு அந்த வாக்குமூலங்களில் திரும்பத் திரும்ப வருகிறது.

வாங்குபவர் எங்கிருந்து வருகிறார் என்பதும் கணக்கில்தான் இருக்கிறது. சீனாவில் 2004ஆம் ஆண்டு வாக்கில் 100 பெண் குழந்தைகளுக்குச் சுமார் 121 ஆண் குழந்தைகள் பிறந்தன. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண்கள் பெண்களைவிட ஏறத்தாழ 3.49 கோடி பேர் அதிகம். உள்ளூரில் பெண் கிடைக்காத, வரதட்சணைக்கு நேர்மாறாக மாப்பிள்ளை வீட்டார் கொடுக்க வேண்டிய மணப்பெண் பணத்தைத் திரட்ட முடியாத கிராமத்துக் குடும்பங்களுக்குத் தரகர் காட்டும் குறுக்குவழி எல்லைக்கு அந்தப்பக்கம் இருக்கிறது. வியட்நாம், மியான்மர், லாவோஸ், கம்போடியா, பாகிஸ்தான் என்று வரைபடம் விரிந்துகொண்டே போகிறது. பாகிஸ்தானில் 2018, 2019 வாக்கில் சீன மாப்பிள்ளைகளுக்கு மணமுடித்து அனுப்பப்பட்ட 629 பெண்களின் பட்டியலை அந்நாட்டுப் புலனாய்வாளர்களே தொகுத்திருந்தார்கள். வழக்கு என்னவாயிற்று? 2019 அக்டோபரில் பைசலாபாத் நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 31 சீனர்களை விடுதலை செய்தது. சட்டம் புத்தகத்தில் இருப்பதற்கும் சாட்சி கூண்டில் ஏறி நிலைப்பதற்கும் இடையே உள்ள தூரம் அவ்வளவு.

இனி ஒவ்வொன்றாக.

முதலில் தென்கொரியா. இருப்பவற்றில் நன்றாகக் கட்டிய ஏற்பாடு என்று இதைத்தான் சொல்வோம். ஆனால் அந்தக் கட்டுமானத்துக்குக் கொடுத்த விலை ஓர் உயிர். 2010 ஜூலையில் புசான் நகரில், வந்து எட்டே நாளான 20 வயது வியட்நாமியப் பெண்ணைக் கணவனே கொன்றான். அவனுக்கு நீண்டகால மனநோய் இருந்தது, அவளிடம் யாரும் அதைச் சொல்லவில்லை. திருமணத் தரகுத் தொழிலுக்கென்று 2007லேயே தனிச் சட்டம் இயற்றியிருந்தார்கள். இந்தக் கொலைக்குப் பிறகு அதை இறுக்கினார்கள். இரு தரப்பின் முந்தைய திருமண விவரம், மனநலம் உட்பட உடல்நிலை, தொழில், குற்றப் பின்னணி எல்லாவற்றையும் ஆவணமாக வாங்கி, மற்றவர் படிக்கக்கூடிய மொழியில் மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டும். இருவரும் எழுத்தில் சம்மதித்த பிறகுதான் முகம் பார்க்கும் சந்திப்பே நடக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களை அறிமுகப்படுத்தக் கூடாது. பெண்களை வரிசையாக நிறுத்தி ஒருவருக்குக் காட்டும் பழைய முறைக்கும் தடை. சர்வதேசத் தரகு நடத்த 10 கோடி வான் மூலதனம் காட்டிப் பதிவு செய்ய வேண்டும். 2014லிருந்து திருமண விசாவுக்கு அடிப்படைக் கொரிய மொழி அறிவும், அழைப்பவருக்குக் குறைந்தபட்ச வருமானமும் கேட்கிறார்கள்.

படிக்க நிறைவாக இருக்கிறது. நடைமுறையில் இடறுவது நேரம். கொரிய அரசே எடுத்த 2020 கணக்கெடுப்பில், முதல் சந்திப்புக்கும் கல்யாணத்துக்கும் இடைவெளி சராசரியாக 5.7 நாள். ஆவணக் கட்டு எவ்வளவு தடிமனாக இருந்தாலும் ஆறு நாளுக்குள் அதைப் படித்து, சந்தேகம் கேட்டு, ஊரில் இருக்கும் ஒருவரிடம் விசாரித்து, வேண்டாம் என்று சொல்ல ஓர் இருபது வயதுப் பெண்ணுக்கு இடம் எங்கே? அதிலும் மொழிபெயர்ப்பவர் தரகர் அழைத்துவந்த ஆளாக இருந்துவிட்டால், கையெழுத்து வாங்கும் ஆளும் விளக்கம் சொல்லும் ஆளும் ஒருவரே ஆகிவிடுகிறார். அதனால் இந்த வழியில் போக இருப்பவர்களுக்கு ஒரே ஒரு செய்முறை யோசனை: ஆவணத்தைச் சந்திப்புக்கு முன்பே கேளுங்கள், ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படமெடுத்து, தரகருக்குச் சம்பந்தமில்லாத ஒருவருக்கு அனுப்பிப் படிக்கச் சொல்லுங்கள். சந்திப்புக்குப் பிறகு ஆவணம் வந்தால் அது சட்டம் சொல்லும் வரிசையே அல்ல.

கல்யாணத்துக்குப் பிந்தைய சேவைதான் கொரியாவின் பலம். 1577-1366 என்ற டனூரி அழைப்பு மையம் நாள் முழுக்க, 13 மொழிகளில் இயங்குகிறது. வியட்நாமியம், கெமர், தகலோக், நேபாளி, லாவோ, உஸ்பெக் எல்லாம் உண்டு. மூவர் ஒரே இணைப்பில் பேசும் வசதி இருக்கிறது. பெண் ஒரு முனையில், மருத்துவரோ போலீசோ இன்னொரு முனையில், நடுவில் மொழிபெயர்ப்பவர். இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் அடிபட்ட பெண் போலீஸ் நிலையத்தில் நிற்கும்போது, அவளுக்காகப் பேசுவது அவளுடைய கணவனா அல்லது மையத்தின் மொழிபெயர்ப்பாளரா என்பதில்தான் வழக்கே நிற்கிறது. அங்கிருந்தே காப்பகத்துக்கும் சேர்த்துவிடுகிறார்கள்.

விசா விஷயத்திலும் ஒரு கதவு இருக்கிறது. கல்யாணம் முறிந்தது அவள் தவறால் அல்ல என்று காட்ட முடிந்தால் எஃப்-6-3 வகையில் தொடர்ந்து தங்கலாம். காட்ட முடிந்தால் என்பதுதான் சிக்கல். நிரூபிக்கும் சுமை அவள் தலையில் இருக்கிறது. அடிபட்ட அன்றே மருத்துவமனைக்குப் போய்ச் சீட்டு வாங்குவது, காயத்தைத் தேதி தெரியும்படி படமெடுப்பது, போலீஸ் புகாரின் எண்ணைக் குறித்து வைப்பது, மிரட்டும் செய்திகளை அழிக்காமல் நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி வைப்பது, இவை நான்கும் இல்லாமல் மாதங்கள் கழித்துப் போய் நின்றால் வழக்கு தள்ளாடுகிறது. எங்கள் மதிப்பீடு 5க்கு 4. குறைந்த ஒன்று அந்த ஆறு நாளுக்காக.

பிலிப்பைன்ஸ் எதிர்த்திசையிலிருந்து வேலை செய்கிறது. பெண் கிளம்பும் நாட்டிலேயே வாசலில் ஆளை நிறுத்துகிறது. பணத்துக்காகப் பெண்ணை வெளிநாட்டவருக்கு மணமுடித்துத் தரும் தொழிலை 1990லேயே தடை செய்த நாடு அது. 2016இல் புதிய சட்டம் கொண்டுவந்து, இணையதள வழியையும் சேர்த்து, 15 ஆண்டு சிறை என்று உயர்த்தினார்கள். வெளிநாட்டவரை மணந்து நாட்டைவிட்டுக் கிளம்பும் பெண், வெளிநாடுவாழ் பிலிப்பினோக்களுக்கான ஆணையத்தில் ஆலோசனை அமர்வுக்குப் போய்ச் சான்றிதழ் வாங்க வேண்டும். விமான நிலையத்தில் அதைக் கேட்பார்கள்.

அந்த அமர்வின் மதிப்பு சான்றிதழில் இல்லை. பெண்ணை அவளாகவே உட்கார வைத்து, "அவருடைய வீட்டு முகவரி தெரியுமா? எங்கே வேலை செய்கிறார்? இதற்கு முன் கல்யாணம் ஆனவரா? நீங்கள் இருவரும் எந்த மொழியில் பேசிக்கொள்கிறீர்கள்?" என்று ஒருவர் கேட்பதில் இருக்கிறது. பதில் தெரியாமல் முழிக்கும் அந்த நொடியில் பல பெண்களுக்குத் தாங்கள் போகும் இடம் பற்றி எதுவுமே தெரியாது என்பது முதல்முறையாக உறைக்கும். அங்கேயே போய்ச் சேரும் நாட்டின் உதவி எண்ணையும் மனப்பாடம் செய்ய வைத்துவிட்டால் இன்னும் நன்றாக இருக்கும். கைப்பிரதி பையோடு போய்விடும், பை தரகரிடம் போய்விடும்.

ஓட்டை எங்கே? மனைவியாகப் போகாமல் சுற்றுலாப் பயணியாகப் போனால் இந்த அமர்வே கிடையாது. தரகர்கள் அதைத்தான் செய்கிறார்கள். இன்னொரு தந்திரம், நடக்காத கல்யாணத்துக்கு முறையான பதிவேட்டிலேயே சான்றிதழ் வாங்கிக்கொண்டு, கணவன் மனைவியாக விமானம் ஏறுவது. அண்மை ஆண்டுகளில் சீனாவுக்குப் போக இருந்த பெண்களைக் குடிவரவு அதிகாரிகள் இப்படி விமான நிலையத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். இருவரையும் தனித்தனியாக விசாரித்தால் கதை பொருந்தாது, அவ்வளவுதான் சோதனை. ஆட்கடத்தல் புகாருக்கு 1343 என்ற எண். மணிலாவுக்கு வெளியிலிருந்து என்றால் முன்னால் 02 சேர்க்க வேண்டும். வாசலில் நிற்கும் சேவை என்ற வகையில் 5க்கு 4 தரலாம். வாசல் தாண்டிப் போன பெண்ணுக்கு இந்த ஏற்பாட்டால் கிடைப்பது குறைவு, அங்கே 2தான்.

வியட்நாமின் 111, முதலில் குழந்தைகள் பாதுகாப்புக்கு என்று வந்த எண். இப்போது ஆட்கடத்தல் புகாருக்கும் அதுதான். இலவசம், எந்த நேரமும் எடுக்கிறார்கள். வடக்கு எல்லை மலைகளில், ஹா ஜியாங், லாவோ காய் பக்கம், மோங் இனப் பெண்கள் சந்தையிலும் பேஸ்புக்கிலும் பழகியவர்களை நம்பி எல்லை தாண்டிப் போவது நீண்டகாலப் பிரச்சினை. காணாமல் போனது தெரிந்தவுடனே 111க்குச் சொல்லிவிட்டால் எல்லைக் காவலருக்குச் செய்தி போக வாய்ப்பு உண்டு. ஒரு நாள் காத்திருந்து பார்ப்போம் என்று குடும்பம் நினைத்தால், அந்த ஒரு நாளில் பெண் எல்லையிலிருந்து பல நூறு கிலோமீட்டர் உள்ளே போயிருப்பாள்.

இங்கேதான் எல்லாக் குறுகிய எண்களுக்கும் பொதுவான ஒரு கோளாறைச் சொல்ல வேண்டும். மூன்று, நான்கு இலக்க எண்கள் அந்தந்த நாட்டின் வலையமைப்புக்குள் ஓடுவதற்காக அமைத்தவை. சீன சிம்மில் இருந்து 111 அடித்தால் ஹனோயில் மணி அடிக்காது. பெண்ணுக்கு மனப்பாடமாக இருக்கும் ஒரே எண், அவளுக்கு அதிகம் தேவைப்படும் இடத்தில் செத்துக் கிடக்கிறது. இதற்கு நாங்கள் கண்ட மாற்று எளியது. வீட்டில் ஒருவருடைய போன் எண்ணை நாட்டுக் குறியீட்டோடு சேர்த்து அவள் மனப்பாடம் செய்ய வேண்டும். அவள் வீட்டுக்கு அழைக்கட்டும், வீட்டார் 111க்கு அழைக்கட்டும். போன் எண்ணைப் போனிலேயே சேமித்து வைப்பதில் பயனில்லை, முதலில் பறிபோவது போன்தான்.

திரும்பி வந்தவர்களுக்கு வியட்நாமில் இருப்பவை ஓரளவு நிறைவானவை. பெண்கள் ஒன்றியத்தின் கீழ் 2007லிருந்து நடக்கும் 'அமைதி இல்லம்' தங்க இடம், மருத்துவம், மனநல ஆலோசனை, சட்ட உதவி, தொழிற்பயிற்சி எல்லாவற்றையும் ஒரே கூரையில் தருகிறது. புளூ டிராகன் என்ற தொண்டு நிறுவனம் சீனாவுக்குள் இருக்கும் பெண்களைத் தேடி மீட்டு வருவதிலேயே அனுபவம் பெற்றது. நெடுநாள் குறை ஒன்று இருந்தது. தானாகத் தப்பி வந்த பெண்ணிடம் பாதிக்கப்பட்டவர் என்ற அரசுச் சான்று இருக்காது, சான்று இல்லாமல் உதவி கிடைக்காது. 2024 நவம்பரில் நிறைவேறி 2025 ஜூலை 1 முதல் அமலான புதிய சட்டம், அடையாளம் காணும் விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே உதவி தரலாம் என்று மாற்றியிருக்கிறது. நல்ல திருத்தம். 5க்கு 3.5.

சீனாவைப் பற்றி நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பல பெண்களுக்கு அந்த இரண்டு நிமிடம் நடப்பது அங்கேதான். 110 போலீஸ் எண். பேச முடியாத நிலையில் 12110க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். 2021இல் தொடங்கிய 12367 குடிவரவுத் துறையின் சேவை எண், நாள் முழுக்க உண்டு, ஆனால் சீனமும் ஆங்கிலமும்தான். பர்மிய மொழியோ வியட்நாமிய மொழியோ மட்டும் தெரிந்த பெண்ணுக்கு மூன்றுமே சுவர்.

சட்டத்தில் ஒரு சாய்வு இருக்கிறது. குற்றவியல் சட்டத்தின் 240ஆவது பிரிவின்படி பெண்ணைக் கடத்தி விற்றால் 5 முதல் 10 ஆண்டு, கடுமையான நிலைகளில் ஆயுள் அல்லது மரணம் வரை போகும். 241ஆவது பிரிவின்படி வாங்கியவருக்கு அதிகபட்சம் 3 ஆண்டு. வன்புணர்வு, அடைத்து வைத்தல் போன்றவற்றைத் தனிக் குற்றங்களாகச் சேர்த்தால்தான் தண்டனை கூடும். 2022 ஜனவரியில் சூச்சோவில் கழுத்தில் சங்கிலியோடு ஒரு தாய் கண்டுபிடிக்கப்பட்டபோது சீன மக்களே இந்த 3 ஆண்டைக் கேள்வி கேட்டார்கள். அவள் உள்நாட்டிலேயே விற்கப்பட்டவள். வெளிநாட்டுப் பெண்ணுக்கு இதன் மேல் இன்னொரு பயம். ஆவணமில்லாமல் எல்லை தாண்டியவள் என்ற காரணத்தால், போலீஸ் நிலையத்துக்குப் போனால் பாதிக்கப்பட்டவளாக இல்லாமல் குடிவரவுக் குற்றவாளியாகக் காவலில் வைக்கப்படலாம். 2019 அறிக்கையில் பேசிய பெண்களில் சிலருக்கு அது நடந்திருக்கிறது. ஆகவே போலீசுக்கு அழைக்கும்போது முதல் வாக்கியம் முக்கியம். "விசா இல்லை, ஊருக்கு அனுப்புங்கள்" என்று தொடங்கினால் குடிவரவுக் கோப்பு திறக்கும். "என்னை விற்றுவிட்டார்கள், வெளியே விட மறுக்கிறார்கள்" என்று தொடங்கினால் குற்றக் கோப்பு திறக்க வாய்ப்பு அதிகம். இந்த ஒரு வாக்கியத்தைச் சீன எழுத்தில் யாராவது எழுதி அவள் போனுக்கு அனுப்பி வைத்தால், அதை அப்படியே 12110க்குத் தட்டிவிடலாம்.

எங்கே இருக்கிறாள் என்று சொல்வது அடுத்த முட்டு. ஊர்ப் பெயர் தெரியாது, பலகை படிக்கத் தெரியாது. வீசாட் என்ற சீன அரட்டைச் செயலி இருந்தால் லொக்கேஷனை அனுப்பலாம். அது முடியாவிட்டால் வீட்டு வாசலைப் பாருங்கள். கதவு எண் தகடு இருக்கும், தெருப் பெயரோ கிராமப் பெயரோ அதில் இருக்கும். அதைவிடச் சுலபம், கூரியர் பொட்டலத்தின் மேல் ஒட்டிய சீட்டு. மாகாணம், மாவட்டம், கிராமம், பெறுபவர் பெயர், போன் எண் எல்லாம் ஒரே சீட்டில் அச்சாகி, பிரித்த பிறகு குப்பையில் கிடக்கும். அந்தக் கிழிந்த சீட்டு ஒன்றைப் படமெடுத்து அனுப்பினால் போதும், தேடும் வேலை பாதி முடிந்துவிடும். அனுப்பியதும் படத்தையும் செய்தியையும் அவள் பக்கம் அழித்துவிட வேண்டும். பெறுபவர் பக்கம் ஒரு எழுத்தும் அழியக் கூடாது.

மீட்ட பிறகு நாள் கணக்கில் இழுப்பது அடையாளம். பாஸ்போர்ட் இல்லாத பெண்ணை அவளுடைய தூதரகம் தன் குடிமகள் என்று உறுதி செய்தால்தான் தற்காலிகப் பயண ஆவணம் தரும். அதற்கு ஊரில் பதிவேட்டைத் தேட வேண்டும். குடும்பம் காணாமல் போன புகாரின் நகல், பிறப்புச் சான்று, குடும்பப் பதிவு, முகம் தெளிவாகத் தெரியும் போட்டோ ஆகியவற்றை ஒரே கட்டாக ஸ்கேன் செய்து வைத்திருந்தால் அந்த இழுவை கணிசமாகக் குறையும். ஆள் பிடித்தவரிடம் போய்ச் சண்டை போடுவதை, பெண் இருக்கும் இடம் உறுதியாகும்வரை தள்ளிப்போட வேண்டும். அவர் ஒரு அழைப்பு செய்தால் பெண்ணை வேறு மாகாணத்துக்கு மாற்றிவிடுவார்கள்.

ஒரு விஷயத்தைச் சீனச் சட்டம் தெளிவாக வைத்திருக்கிறது. கட்டாயப்படுத்திப் பதிவு செய்த திருமணத்தை ஓராண்டுக்குள் ரத்து செய்யக் கேட்கலாம், அடைத்து வைக்கப்பட்டவருக்கு அந்தக் கெடு விடுதலையான நாளிலிருந்துதான் தொடங்கும். இன்னொன்று, எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது: வெளிநாட்டவரோடு கல்யாணம் செய்துவைக்கும் தரகுத் தொழிலைச் சீனா 1994லேயே தடை செய்துவிட்டது. அதாவது, "நாங்கள் அரசாங்கத்தில் பதிவு செய்த சீன மாப்பிள்ளை ஏஜென்சி" என்று ஒருவர் சொன்னால், அந்த வாக்கியமே பொய். வேறு எந்தச் சோதனையும் வேண்டாம். 2025 மே மாதம் டாக்காவில் உள்ள சீனத் தூதரகமே தன் குடிமக்களை, வெளிநாட்டு மனைவியை விலைக்கு வாங்கும் எண்ணத்தைக் கைவிடுங்கள் என்று எச்சரித்தது. உதவிச் சேவையாக மட்டும் பார்த்தால் 5க்கு 2. மொழி ஒன்றைச் சரிசெய்தாலே 3 ஆகும்.

தைவானும் 2007இல் சட்டம் திருத்தி, லாபத்துக்கான எல்லை தாண்டிய தரகை மூடியது. பதிவு பெற்ற தொண்டு அமைப்புகள் மட்டும், கட்டணம் வாங்காமல் செய்யலாம். கம்போடியா 2011இல் 50 வயதுக்கு மேற்பட்ட வெளிநாட்டு ஆண்களும், மாத வருமானம் 2,550 டாலருக்குக் குறைந்தவர்களும் கம்போடியப் பெண்ணை மணக்க முடியாது என்றது. கொலைகாரனுக்கும் நல்ல சம்பளம் இருக்கலாம் என்பதை அந்த விதி யோசிக்கவில்லை.

பிரிட்டனின் கட்டாயத் திருமணப் பிரிவு வேறு ஜாதி. அங்கே பெண்ணை நாட்டுக்குள் கொண்டுவருவதைவிட, அங்கே வளர்ந்த பெண்ணை விடுமுறை என்று சொல்லி வெளிநாட்டுக்குக் கொண்டுபோய் மணமுடிப்பதுதான் அதிகம். உள்துறையும் வெளியுறவுத் துறையும் சேர்ந்து 2005லிருந்து நடத்துகின்றன. எண் 020 7008 0151, வெளிநாட்டிலிருந்து +44 20 7008 0151. முழு எண் என்பதால் எங்கிருந்தும் மணி அடிக்கும், எங்கள் முதல் சோதனையில் இது தேறிவிட்டது. 2008லிருந்து பாதுகாப்பு ஆணை வாங்கலாம். பாஸ்போர்ட்டை ஒப்படைக்கச் சொல்லவும், வெளிநாட்டில் இருக்கும் பெண்ணைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவும் அந்த ஆணையால் முடியும். 2014 ஜூனிலிருந்து கட்டாயத் திருமணமே குற்றம், 7 ஆண்டு வரை. 2023 பிப்ரவரியிலிருந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 18 வயதுக்குக் கீழே எந்தத் திருமணமும் கூடாது.

விமான நிலையத்தில் கடைசி நிமிடத்தில் செய்யக்கூடிய ஒன்றை அங்குள்ள உதவி அமைப்புகள் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கின்றன. உள்ளாடைக்குள் ஓர் உலோகக் கரண்டியை வைத்துக்கொள்வது. சோதனை வாயிலில் மணி அடிக்கும், தனியறைக்கு அழைத்துப் போவார்கள், குடும்பத்தார் கூட வர முடியாது. அந்த அறையில் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். ஒரு கரண்டி, கூட வரும் அப்பா அம்மாவையும் சித்தப்பாவையும் அவளிடமிருந்து பிரித்துவிடுகிறது.

குறைகளும் உண்டு. இரட்டைக் குடியுரிமை இருந்தால், அவள் போயிருக்கும் நாட்டில் அவளை அந்நாட்டுக் குடிமகளாகவே நடத்துவார்கள், பிரிட்டிஷ் தூதரகத்தின் கை அங்கே அவ்வளவாக நீளாது. மீட்டு அழைத்துவந்த செலவைப் பெண்களிடமே கடனாக வசூலிக்கும் வழக்கம் 2019 ஜனவரி வரை இருந்தது என்பது இன்னும் வலிக்கிறது. நல்லவேளை, நிறுத்திவிட்டார்கள். 5க்கு 4.

அமெரிக்காவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2006 ஜனவரியில் கையெழுத்தான சட்டப்படி சர்வதேசத் திருமணத் தரகர், அமெரிக்க வாடிக்கையாளரின் குற்றப் பின்னணியையும் பாலியல் குற்றவாளிப் பதிவேட்டையும் பார்த்து, பெண்ணின் மொழியில் அவளிடம் கொடுத்து, அவள் எழுத்தில் சம்மதித்த பிறகுதான் அவளுடைய தொடர்பு விவரத்தைத் தரலாம். பொதுவான டேட்டிங் செயலிகள் இதற்குள் வருவதில்லை, இன்று அறிமுகங்கள் நடப்பதோ அங்கேதான். 1-888-373-7888 எண்ணில் 200க்கும் மேற்பட்ட மொழிகளில் உதவி உண்டு, மொழிச் சோதனையில் இதுதான் முதலிடம். கடத்தப்பட்டவர்களுக்கான டி விசா ஆண்டுக்கு 5,000. 5க்கு 3.5.

எல்லாச் சேவைகளிலும் பொதுவாகக் கண்ட பிழை ஒன்று, அழைப்பை எடுப்பவர் கேட்கும் முதல் கேள்வி: "நீங்கள் சம்மதித்துத்தானே போனீர்கள்?" ஆட்கடத்தலுக்கு எதிராக ஐ.நா. கொண்டுவந்த 2000ஆம் ஆண்டின் பாலர்மோ நெறிமுறை இதற்கு அன்றே பதில் சொல்லிவிட்டது. ஏமாற்று, மிரட்டல், வலுக்கட்டாயம், அவள்மேல் அதிகாரம் உள்ளவரிடம் பணம் கொடுத்து வாங்கிய சம்மதம் என்று ஏதாவது இருந்தால் அவள் சம்மதித்தாளா என்பது பொருட்டே அல்ல. ஆனால் அந்த நெறிமுறை சுரண்டல் வகைகளை அடுக்கும்போது கட்டாயத் திருமணத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. அடிமைத்தனத்துக்கு ஒப்பான வழக்கங்கள் என்ற சொல்லுக்குள்தான் அது வர வேண்டும். அந்த இடைவெளியில்தான் பல நாட்டு அதிகாரிகள் "இது குடும்பத் தகராறு" என்று கோப்பை மூடுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் தன் ஆட்கடத்தல் உத்தரவைத் திருத்திக் கட்டாயத் திருமணத்தை வெளிப்படையாகச் சேர்த்தது. உதவி எண்ணில் பேசும்போது கல்யாணம் என்ற சொல்லை எவ்வளவு பின்னால் வைக்கிறோமோ அவ்வளவு நல்லது. யார் அழைத்துவந்தார், என்ன சொன்னார், யாருக்கு எவ்வளவு பணம் போயிற்று, பாஸ்போர்ட் யாரிடம், கதவை யார் பூட்டுகிறார், இந்த வரிசையில் சொன்னால் எடுப்பவர் கடத்தல் படிவத்தை எடுப்பார்.

யாருக்கும் 5 கொடுக்க முடியாமல் போனது குழந்தையால். சீனச் சட்டப்படி பெற்றோரில் ஒருவர் சீனராக இருந்து அங்கே பிறந்த குழந்தை சீனக் குடிமகன். குடும்பப் பதிவு தந்தை பக்கம் இருக்கும். தாய் மீட்கப்பட்டுத் திரும்பும்போது குழந்தை அங்கேயே நின்றுவிடுகிறது. பூட்டைத் திறந்துவிட்டாலும் பல பெண்கள் போகாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான், அதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ளும் அதிகாரிகள் இருக்கிறார்கள். மேலே சொன்ன எண்களில் எதுவும் இரு நாட்டு நீதிமன்றத்திலும் தாய்க்காகக் குழந்தை வழக்கை நடத்தித் தருவதை வழக்கமான சேவையாக வைத்திருக்கவில்லை.

அதனால் மீட்புக்கு உதவும் யாரும் பெண்ணிடம் கிளம்பும் முன் சொல்ல வேண்டியது, குழந்தையின் பிறப்பு மருத்துவச் சான்றைப் படமெடுத்துக்கொள்ளுங்கள் என்பது. அதில் தாயின் பெயர் இடத்தில் வேறு யாருடைய பெயராவது இருந்தால் அதையும் படமெடுக்க வேண்டும். பிரசவம் நடந்த மருத்துவமனையின் பெயர்ப் பலகை, தேதி, முடிந்தால் குழந்தையும் அவளும் ஒரே படத்தில். குழந்தையின் தலைமுடியை வேரோடு சில இழை எடுத்து, காகித உறையில் போட்டு வைத்தால் டிஎன்ஏ சோதனைக்கு உதவும். பிளாஸ்டிக் பையில் வைத்தால் ஈரம் தங்கிக் கெட்டுவிடும்.